கை கொடுக்காத ஸ்கூட்டர்

எதிர் வீட்டு மாமா எங்கள் கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். நெற்றியில் திருமண் இன்னும் காயவில்லை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நான் டிபன் பையை மூடிக்கொண்டே படியிறங்கி வந்தேன்.

"ஏம்மா, உங்காத்துக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? நாலஞ்சு நாளா வண்டி கெளம்பற சத்தமே காணோமே" என்றார்.

வண்டி அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். மாமா திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு ஓரமாக ஒதுங்கினார். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? பல வருடம் இந்த ஒரு திடுக்கிடலுக்காகத்தான் உழைத்திருந்தேன்.

மாமாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. தினமும் காலையில் அவர் பாசுரம் சேவித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் வண்டி 'கடக்' என்று ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டதும் அவர் எழுந்துபோய் அடுப்பில் பாலை வைப்பாராம். "இப்போ நீங்க போறதும் தெரியலை, பால் காயறதும் தெரியலை" என்று சிரித்தார்.

வண்டி நகர்ந்ததும், மாமா சொன்னதை என் கணவரின் காதருகே குனிந்து பெருமையோடு சொன்னேன். சத்தம் போயே போய்விட்டதாம், தெருவே சாட்சி சொல்கிறது என்றேன். அவர், "ஆமாமா, வெயில் ஜாஸ்திதான்" என்றார். ஹெல்மெட் போட்டிருக்கிறார், காதில் விழுந்திருக்காது என்று விட்டுவிட்டேன்.

செல்ஃப் எடுப்பது எப்படி

போன வாரம் பாலிடெக்னிக்கில் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த கரூர் வாசகி ஒருவர், படித்து முடித்து என்னதான் வேலை பார்த்தீர்கள், அதைச் சொல்லவே இல்லையே என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் மாமியாரும் கடைசிவரை இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்புகிறது. நம் ஊரில் அதற்குப் பெயர் செல்ஃப். 'செல்ஃப் எடுக்க மாட்டேங்குது' என்று ஒரு நாளாவது புலம்பாத வீடு திருச்சியில் இருக்காது. பொத்தானை அமுக்கியதும் உள்ளே ஒரு சின்ன மோட்டார் சுழலும். அதன் முனையில் இருக்கிற குட்டிப் பல்சக்கரம் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, இன்ஜினோடு சேர்ந்த பெரிய பல்சக்கரத்தைக் கடித்துச் சுற்றிவிடும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் குட்டிச் சக்கரம் பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். பாய்ந்து கடிக்கிற நேரத்தில் இரும்பும் இரும்பும் மோதுகின்றன. மாமாவின் பாலைக் காய்ச்சிய 'கடக்' அதுதான்.

துவாக்குடிப் பக்கம் எங்கள் கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே செய்த பல சாமான்களில் அந்தக் குட்டிச் சக்கரமும் ஒன்று. நான் டெஸ்டிங்கில் இருந்தேன். மோதுகிற அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காகச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பல் வரிசைக்கும் இடையில் ஒரு ரப்பர் வளையம் வைப்போம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஆனால் மத்தளம் சத்தம் போடலாம், எங்கள் ரப்பர் வாயைத் திறக்கக் கூடாது.

ரப்பரைக் கெட்டியாக வைத்தால் நன்றாக உழைக்கும், சத்தம் மட்டும் குறையாது. மிருதுவாக வைத்தால் சத்தம் அடங்கும், ஆனால் சீக்கிரம் பிய்ந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பதத்தைத் தேடித்தான் என் உத்தியோகத்தின் பிற்பகுதி முழுக்கப் போயிற்று. அல்வா கிளறுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். கடைசியில் ஒரு பதம் கிடைத்தது. மேஜைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தபோது 'கடக்' போய் 'தப்' என்று ஒரு சின்னச் சத்தம்தான் வந்தது. தலையணையில் கையை வைத்த மாதிரி இருந்தது.

மேஜையில் ஓடுவது வேறு, தெருவில் ஓடுவது வேறு. ஆகவே எங்கள் ஊழியர்கள் சிலருடைய வண்டிகளில் புதுச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டச் சொன்னார்கள். எங்கள் ஸ்கூட்டரை நானே முந்திக்கொண்டு கொடுத்தேன். பொருத்தும்போது, இன்ஜினைத் தாங்குகிற தேய்ந்துபோன ரப்பர் புஷ்களையும் புதிதாக மாற்றினார்கள். வண்டி ஆடிக்கொண்டிருந்தால் எது சக்கரத்தின் சத்தம், எது வண்டியின் நடுக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாற்றிய பிறகு, நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால் கைப்பிடியில்கூட நடுக்கம் தெரியவில்லை. என் கணவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்னமோ வேற யார் வண்டியோ மாதிரி இருக்கு" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

காபி நல்லாருக்கு

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் கலியபெருமாள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, அங்கேயே சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர்.

கே.கே. நகரில் என் பிறந்த வீட்டுக்கு இவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "காபி நல்லாருக்கு." அதைச் சொன்ன சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை கோபக்காரர் போலிருக்கிறதே என்று அப்பா பின்வாங்கினார். அம்மாதான், சத்தமாகப் பேசுகிறவன் மனசில் எதையும் ஒளித்து வைக்க மாட்டான் என்று அடித்துச் சொல்லி முடித்து வைத்தார். அம்மாவின் கணிப்பு ஒரே ஒரு விஷயத்தில் தவறிவிட்டது. அதற்கு வருகிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் இவர் வேலை பார்த்த ஷெட்டில் நாள் முழுக்க இரும்புத் தகட்டில் ரிவெட் ஆணி அடிக்கிற சத்தம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்பார்களாம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஆகவே அங்கே எல்லாமே கை பாஷைதான். கட்டை விரலை உதட்டருகே சாய்த்தால் டீ. மணிக்கட்டைத் தட்டினால் சங்கு ஊதப் போகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது தோள் தட்டு. ஒரு மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் பின்னாலிருப்பவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, முன்னால் நிற்பவரின் தோளில் தட்டுவார். தட்டு விழாமல் யாரும் சுவிட்சில் கை வைக்க மாட்டார்கள். பெரிய அதிகாரி வந்து தொண்டை கிழியக் கத்தினாலும் சரி, தட்டினால்தான் ஓடும்.

கல்யாணமான புதிதில் இந்த வழக்கம் வீட்டுக்கும் வந்தது. கூப்பிடுவதற்குப் பதிலாக சமையலறைக்குள் ஓசைப்படாமல் வந்து தோளில் தட்டுவார். ஒரு தடவை நான் அலறி, கையிலிருந்த தோசை மாவு முழுவதும் தரையில் கொட்டியது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா என்று சண்டை போட்டேன். பேர் சொன்னால் பாதிப் பேருக்குக் கேட்காது, தட்டினால் எல்லாருக்கும் கேட்கும் என்றார்.

ஆமாமா

இவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எவ்வளவு மந்தம் என்பதுதான் தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை காலம் ஆன எந்தப் புருஷனுக்குத்தான் பெண்டாட்டி பேசுவது முழுசாகக் காதில் விழுகிறது?

எதைச் சொன்னாலும் "ஆமாமா" என்பார். போன் வந்தால் எடுத்த கையோடு என்னிடம் நீட்டிவிடுவார். கிரிக்கெட்டை சத்தமில்லாமல் வைத்துப் பார்ப்பார். கேட்டால், வர்ணனை செய்கிறவர்கள் தொல்லை என்பார். டாக்டரிடம் போகலாம் என்று ஒன்றிரண்டு தடவை இழுத்தேன். ரிவெட் ஷெட்டில் கெடாத காது இனிமேலா கெடப்போகிறது என்று பேச்சை முடித்துவிட்டார்.

எங்கள் பையன் பெங்களூரில் இருக்கிறான். ஒரு லீவுக்கு வந்தபோது அவன்தான் அந்தப் பேச்சை எடுத்தான். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்றால் வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள் அம்மா, பின்னால் பஸ்காரன் அடிக்கிற ஹாரன் கேட்காமல் காவிரிப் பாலத்தில் போனால் என்ன ஆகும் என்றான். இவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்காது என்று நினைத்தோம். ஆனால் இவருடைய கண் பேப்பரில் இல்லை, பையனுடைய வாயில் இருந்தது. அது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

சாவி என்பது இவருக்கு வெறும் சாவியில்லை. காலையில் என்னைத் திருவானைக்கோவிலில் பஸ் ஏற்றிவிட்டு, அப்படியே பாலத்தைக் கடந்து பொன்மலைக்குப் போய், பழைய கூட்டாளிகளோடு டீ குடித்து, வருகிற வழியில் காந்தி மார்க்கெட்டில் கீரை வாங்கி வருவார். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, நிதானமாகத்தான் ஓட்டுவார். அந்த வண்டி இல்லையென்றால் இவருக்கு வீட்டுக்குள் நாலு சுவர்தான் மிச்சம். அதனால்தான் அந்த மனிதர் அப்படி ஒளித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆவதை இவர் 'கை குடுக்குது' என்பார். "செல்ஃப அமுக்குனா வண்டி உள்ளங்கையில ஒரு தட்டு தட்டும் பாரு, அதான் கை குடுக்கறது. குடுத்திருச்சுன்னா கெளம்பலாம்." என்னமோ நாய்க்குட்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார். ரயில்வேக்காரர்கள் எல்லாருமே இன்ஜினை இப்படித்தான் கொஞ்சுவார்கள் என்று நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

படியில் கேட்டது

கொஞ்ச மாதம் ஓடிய பிறகு வண்டிகளைத் திரும்ப வாங்கி, சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தோம். மற்ற வண்டிகளில் எல்லாம் புதிது போல இருந்தது. எங்கள் வண்டியில் மட்டும் பல் ஓரங்கள் நசுங்கி, சில இடங்களில் உதிர்ந்தே போயிருந்தன. எலி கொறித்த தேங்காய் மாதிரி இருந்தது.

எனக்கு மேலே இருந்தவர் பிரபாகர். வயதில் என்னைவிடச் சின்னவர், தங்கமான பிள்ளை, ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் விட மாட்டார். ரப்பர் ரொம்ப மிருது, அதனால் சக்கரம் சாய்ந்து கடிக்கிறது, அதுதான் பல் போகிறது என்று அவருக்குத் தோன்றியது. ஒரு வண்டியில் போனால் நாளைக்கு ஆயிரம் வண்டியில் போகும். வண்டிக்காரர்கள் எல்லாரையும் நேரில் கூப்பிட்டுக் கேட்போம், காரணம் தெரியவில்லை என்றால் பழைய கெட்டி ரப்பருக்கே போய்விடலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

புதிதாக ஒரு சக்கரத்தைப் போட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ, நான் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கிளம்பிவிட்டேன். தினமும் நான் மாடியில் பின்பக்கத்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருக்கும்போது இவர் கீழே போய் வண்டியை எடுப்பார். நான் இறங்கி வரும்போது அது ஓடிக்கொண்டிருக்கும். அன்று படியின் பாதியிலேயே அந்தச் சத்தம் கேட்டது.

'கர்ர்ர்ர்.'

பல் கூசியது. ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜின்மேல் செல்ஃப் பாய்ந்தால் வருகிற சத்தம் அது. வேகமாகச் சுற்றுகிற பெரிய சக்கரத்தில் குட்டிச் சக்கரம் போய் முட்டிக்கொள்ளும். எதிர் வீட்டு மாமா இதை யார் வீட்டு மிக்ஸியோ என்று நினைத்திருக்க வேண்டும்.

எட்டிப் பார்த்தேன். வண்டி ஸ்டாண்டில் நின்றிருந்தது. சைலன்ஸர் முனையில் புகை லேசாகக் கலைந்துகொண்டிருந்தது. இவர் பக்கத்தில் நின்று, கைப்பிடியில் உள்ளங்கையைப் பதித்து, தலையைக் கொஞ்சம் குனிந்தபடி எதற்கோ காத்திருந்தார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மறுபடியும் பொத்தானை அமுக்கினார். மறுபடியும் 'கர்ர்ர்ர்'.

நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "ஓடிட்டுதாங்க இருக்கு" என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு குனிந்து, சைலன்ஸருக்குப் பின்னால் கையை நீட்டி, புகையின் சூட்டைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது.

"கை குடுக்கலையே" என்றார்.

எனக்கு எல்லாமே புரிந்துவிட்டது. அவர் வண்டியைக் கொஞ்சவில்லை, நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். இன்ஜின் ஓடுகிற சத்தம் அவருக்கு எப்போதோ கேட்காமல் போய்விட்டது. அந்தக் 'கடக்' உள்ளங்கையில் கொடுத்த அதிர்ச்சியையும், தேய்ந்த புஷ்கள் கொடுத்த நடுக்கத்தையும் வைத்துத்தான் இத்தனை நாள் வண்டி கிளம்பியதைத் தெரிந்துகொண்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் அது தொல்லை. இவருக்கு அது ஒன்றுதான் தகவல். அதைத்தான் நாங்கள் பாடுபட்டு எடுத்துவிட்டோம்.

எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. என் சுபாவம் அப்படி. பின்சீட்டில் உட்கார்ந்து திருவானைக்கோவில் வரைக்கும் திட்டித் தீர்த்தேன். இத்தனை வருடம் என்னிடம்கூட மறைப்பீர்களா, நான் யார், பக்கத்து வீட்டுக்காரியா என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். எதுவும் அவருக்குக் கேட்காது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. அப்புறம் அழுதேன்.

பஸ் நிற்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார். "திட்டி முடிச்சிட்டியா?" என்றார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

பிறகு குரலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தணித்துச் சொன்னார். "தம்பிகிட்ட சொல்லிடாத. சாவிய வாங்கிருவான்."

சரி என்று தலையாட்டினேன்.

அப்பளம்

இதுதான் என் நிலைமை. பல் எதனால் போனது என்று எனக்குத் தெரியும். சொன்னால் ரப்பர் பிழைக்கும். ஆனால் அதைச் சொல்வதும் 'என் கணவருக்குக் காது கேட்காது' என்று சொல்வதும் ஒன்றுதான். எங்கள் கம்பெனியில் பாதிப் பேருக்கு அண்ணனோ மாமனோ பொன்மலையில் வேலை. காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் அவருடைய டீக்கடைக்குப் போய்விடும், அங்கிருந்து பெங்களூருக்கும் போய்விடும்.

பெயர் சொல்லாமல் சுற்றி வளைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போதே யாராவது செல்ஃபை அமுக்கியிருந்தாலும் பல் இப்படிப் போகலாம் இல்லையா என்று பிரபாகரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "மேடம், சார் ரயில்வேல மெஷினோடயே வாழ்ந்தவரு. அவரு போயி அப்படிப் பண்ணுவாரா?" என்றார்.

அன்று சாப்பாடு பரிமாறும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, பாதி எனக்கு நானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னேன். புது ரப்பரை விட்டுவிடப் போகிறார்கள், பழையதற்கே போகிறார்கள், வெள்ளிக்கிழமை முடிவாகிவிடும். இவர் ரசத்தைக் குடித்துவிட்டு, "அப்பளம் இருக்கா?" என்றார். கேட்டிருக்காது என்று நினைத்து அப்பளத்தை எடுத்துப் போட்டேன். ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை

வண்டிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இவரும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல வந்து உட்கார்ந்தார். மேஜைமேல் கழற்றிய சக்கரங்கள் வரிசையாக இருந்தன. பல் போனது நடுவில் இருந்தது.

பிரபாகர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். செல்ஃபை அமுக்கும்போது ஏதாவது வித்தியாசமான சத்தம் கேட்டதா? எல்லாரும் இல்லை என்றார்கள். கடைசியாக இவர் பக்கம் திரும்பி, நேராகப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்.

இவரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த 'இல்லை'யோடு எங்கள் ரப்பரின் கதை முடிந்துவிடும். சத்தமே இல்லாமல் பல் போகிறது என்றால் சக்கரத்தில்தான் குற்றம் என்று எழுதி மூடிவிடுவார்கள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிரபாகர் பிறகு சொன்னார்.

"அந்தக் கேள்விய என்கிட்ட கேக்கக் கூடாது தம்பி. எனக்குக் காது கேக்காது."

வழக்கமான சத்தத்தில்தான் சொன்னார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷினில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே நான் மறுபடி மறுபடி அமுக்கியிருக்கேன். ஸ்டார்ட் ஆனது எனக்குத் தெரியலை. பல்லு போனது என்னாலதான். எங்க வீட்டம்மா செஞ்ச சாமான்ல குத்தம் இல்ல."

என்னால் நிமிரவே முடியவில்லை. அப்பளம் கேட்டவர் அன்றே எல்லாவற்றையும் என் உதட்டில் படித்திருக்கிறார். அந்தச் சாவிக்காக எத்தனையோ வருடம் வாய் திறக்காமல் இருந்தவர், ஒரு ரப்பர் வளையத்துக்காக எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ரப்பருக்காக இல்லை, எனக்காக.

பிரபாகர் ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. அதற்காக அந்தப் பிள்ளையை இன்றும் வாழ்த்துகிறேன். சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பல்லெல்லாம் ஒரே பக்கமாகத்தான் கொறிபட்டிருந்தது. புதுச் சக்கரம் ஒன்றை மேஜையில் பொருத்தி, இன்ஜினை ஓடவிட்டு, இவர் செய்த மாதிரியே அமுக்கிப் பார்த்தார். அதே கடி, அதே பக்கம். திரும்பி வந்து இவருக்கு எதிரில் நின்று, நிதானமாக உதட்டை அசைத்து, "சார், டீ சாப்பிடறீங்களா?" என்றார். இவர் கட்டை விரலை உதட்டருகே சாய்த்துக் காட்டினார்.

அன்று பிரபாகர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். சத்தத்தை இவ்வளவு குறைத்துவிட்டால், காது நன்றாகக் கேட்கிறவர்கள்கூட சத்திரம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் வண்டி கிளம்பியது தெரியாமல் இரண்டாம் தடவை அமுக்கத்தான் செய்வார்கள். சாருக்கு இன்றைக்கு நடந்தது நாளைக்கு எல்லாருக்கும் நடக்கும். கடைசியில், இன்ஜின் ஓடும்போது செல்ஃபுக்குக் கரண்ட் போகாமல் தடுக்கிற ஏற்பாட்டையும் சேர்த்தே புதுச் சக்கரத்தைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எங்கள் வண்டியில்தான் அதை முதலில் பொருத்தினார்கள்.

புத்தூர் போய் வந்த பிறகு

பையனிடம் நான் சொல்லவில்லை. இவரே போனை எடுத்துச் சொன்னார். பதில் கேட்காது என்பதால், சொல்லி முடித்ததும் வைத்துவிட்டார். பையன் அந்த வாரக் கடைசியிலேயே வந்து நின்றான். சாவியைக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் அப்பாவின் பின்னால் ஏறி உட்கார்ந்து, பொன்மலை வரை போய்வரச் சொன்னான். திரும்பி வந்து இறங்கி, அப்பா தன்னைவிட நன்றாகத்தான் ஓட்டுகிறார், ஆனால் காது டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றான். சாவி இவர் கையிலேயே இருந்தது.

புத்தூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். பரிசோதனை அறையின் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை வைத்து மூடியிருந்தது. சத்தத்தைக் குடிக்கிற சுவர்கள் எனக்குத் தொழில்முறையில் பழக்கம்தான். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொல்லப்பட்ட மனிதர் வெகுநேரம் கையைத் தூக்காமலே உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை.

காதில் மெஷினை மாட்டிய பிறகு வீட்டில் ஒரே புகார்தான். குக்கர் இப்படியா கத்தும்? தட்டை மெதுவாக வைக்கக் கூடாதா? நீ இவ்வளவு சத்தமாகவா பேசுவாய்? ஒரு நாள் காலையில் ஜன்னலருகே வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, "எதிர் வீட்டு மாமா தினமும் பாடுவாரா?" என்று கேட்டார். நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறார் என்றேன். நல்ல குரல் என்றார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நான் இறங்கி வந்தபோது வண்டி ஓடவில்லை. இவர் சாவியைப் போட்டு, கட்டை விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏறிக்கொள் என்றார். ஏறினேன். எதிர் வீட்டில் பாசுரம் நடந்துகொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினார். 'தப்' என்று ஒரு சத்தம், அப்புறம் இன்ஜின் சன்னமாக ஓட ஆரம்பித்தது. இவர் கிளம்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பஸ் போய்விடும் என்ற பதைப்பில் முன்னால் குனிந்தேன். "கிளம்புங்க. ஸ்டார்ட் ஆனது கேக்கலையா?"

"கேக்குது."

"அப்புறம் என்னங்க?"

தலையைப் பாதி திருப்பினார். "வண்டி கை குடுக்கறதத்தான் நீ நிறுத்திட்டியே. நீ தட்டு."

பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். தெருவில் யாரும் வரவில்லை. அவர் தோளில் தட்டினேன். கிளம்பினார்.